தணிக்கை நாள்

செருப்பு கழன்றால் கால் என்னிடம் சொல்வதில்லை.
பேட்டை பஸ்ஸில் ஒன்று போயிற்று,
கன்னடியன் கால்வாய்ப் படியில் ஒன்று.
ராத்திரி இரண்டு மணிக்கு மட்டும் அதற்கு வாய் வரும்,
மிளகாய் அரைத்த அம்மி போல
பாதம் முழுக்க எரிந்து பேசும்.

சர்க்கரையா என்று கேட்காத ஆளில்லை.
சர்க்கரை இல்லை.
ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில்
கண்ணை மூடச் சொல்லிவிட்டு
நைலான் நூலால் விரல் விரலாகத் தொட்டார் டாக்டர்.
'தொடும்போது சொல்லுங்க.'
காத்திருந்தேன்.
'முடிஞ்சிட்டும்மா, கண்ணத் திறங்க.'

மூக்கின் வழக்கு நேர் எதிர்.
மூன்றாம் வீட்டில் கொசுவத்தி கொளுத்தினால்
என் நாக்கில் தகரம்.
அவர் லோஷனை விட்டுவிட்டுப் படிகாரம் தேய்க்கிறார்.
சின்னவள் தட்டட்டிக்குப் போய் நகச்சாயம் பூசி
காய்ந்த பிறகும்
கையைப் பின்னால் கட்டிக்கொண்டு இறங்குகிறாள்.
'ஒனக்கு மட்டும் எப்பிடிட்டி மணக்கு,
வேட்டை நாய்க்குப் பொறந்தவளா?'
என்கிறாள் மதினி, பவுடர் முகத்தோடு
வாசலிலேயே நின்று.

வீரவநல்லூர் சங்கத்தில்
எனக்காக வெறுந்தண்ணியில் தரை துடைப்பாள் பேச்சித்தாய்.
செயலாளருக்குத் தெரியாது.
தெரிந்தும் கேட்கவில்லையோ என்னவோ.

நேற்று தணிக்கை.
தரைக்கு ரெண்டு மூடி பினாயில்,
ஆடிட்டர் அறைக்கு ரோஜா ஸ்ப்ரே,
ஜன்னல் கம்பிக்கு அவசரப் பெயின்ட்.
பத்தேகாலுக்குப் பேரேட்டில் எண்கள் நீந்தின.
உதடு தடித்தது. தொண்டைக்குள் யாரோ
கம்பளியைத் திணிக்கிறார்கள்.
கிட்டங்கிப் பக்கம் பூச்சிமருந்து, போக முடியாது.
முன்வாசலில் ஆடிட்டர் காரே மணந்தது.
நகைக்கடன் பேரேட்டைத் தூக்கிக்கொண்டு
பின்முற்றத்துக்கு ஓடினேன்.
சித்திரை வெயில், சிமிண்டுத் தரை.
தலைக்கு மட்டும் பூவரசு நிழல்.
இரண்டு மணி நேரம் கணக்குப் பார்த்தேன்,
ஒரு பைசா பிசகில்லை.

பேச்சி வந்தாள், கையில் என் செருப்போடு.
'யக்கா, படியிலயே கெடக்கு. காலத் தூக்குங்க.'
தூக்கினேன்.
குதிகாலில் எட்டணா அளவு கொப்புளம்,
பக்கத்தில் உடைந்தது ஒன்று.
மடியில் காலை வைத்துத் தண்ணீர் ஊற்றினாள்.
குழாய்த் தண்ணீர், தொட்டி வெயிலில் கிடந்தது.
'சுடுதாக்கா, குளுருதா?'
'தெரியல பேச்சி.'
'எனக்கும் தெரியலக்கா,' என்றாள்
சாதாரணமாக.

விரல்களை விரித்துக் காட்டினாள்.
நுனி வெளுத்து, வழுவழுவென்று,
ஒரு கோடு இல்லை.
'இருவது வருசம் ஆசிட்டும் பினாயிலும்.
ரேஷன் கடை மிஷினு என் ரேகைய எடுக்க மாட்டேங்கு.
ஒவ்வொரு மாசமும் மவன கூட்டிட்டுப் போறேன்.
இத யாருட்ட போயி சொல்ல?'

நான் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன்.
இரண்டு டாக்டர், ஒரு செயலாளர்,
மணப்பதையே நிறுத்திவிட்ட ஒரு வீடு.
பதினோரு மாதமாக எனக்காக வாளியை மாற்றியவளின்
கையை மட்டும் பார்த்ததில்லை.
அதன் பிறகும் எனக்குச் சொல்ல எதுவும் வரவில்லை.
செருப்பு வாரை அவள்தான் மாட்டிவிட்டாள்,
இறுக்கமா என்று கேட்டுவிட்டு,
பதிலுக்குக் காத்திருக்காமல்.

நாலு மணிக்கு ஆடிட்டர் கார் கிளம்பியதும்
ரோட்டோரக் கடையில் ரெண்டு டீ.
எல்லாரும் விளிம்பைப் பிடித்து உருட்டுகிற கிளாஸை
உள்ளங்கையும் விரலுமாகப் பொத்தி வாங்கினாள் பேச்சி.
மாஸ்டருக்குப் பதறிவிட்டது.
'எக்கா, சுடலையா?'
'ஒம்பேர எதுக்குடே எங்கிட்ட கேக்க?'

கடையே சிரித்தது, மாஸ்டர் சுடலையும்.
நான் கிளாஸை உதட்டில் வைத்துப் பார்த்தேன்.
உதட்டுக்கு இன்னும் தெரிகிறது.
'நல்ல சூடு பேச்சி,' என்றேன்,
'ஊதிக் குடி.'